பூவா தலையா போட்டு நனையும் கல்: ஹாரி கெஸ்டனும் கசிவுக் கணிதமும்

துளைகள் நிறைந்த ஒரு கல்லைத் தண்ணீருக்குள் போடுகிறோம். மேற்பரப்பு நனையும், அதில் சந்தேகமில்லை. கல்லின் நடுப்பகுதி நனையுமா?

கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஏராளமாக இருக்கின்றன. சில திறந்திருக்கும், சில அடைபட்டிருக்கும். எது திறப்பு, எது அடைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் "பத்தில் ஆறு குழாய்கள் திறந்திருக்கின்றன" என்பது போல ஒரு மொத்தக் கணக்கு நம்மிடம் இருக்கலாம். அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நடுப்பகுதி நனையுமா என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியிலிருந்துதான் பெர்கொலேஷன் என்ற துறை பிறந்தது. தமிழில் கசிவுக் கோட்பாடு என்று சொல்லலாம்.

கேள்வியை முதலில் எழுப்பியவர் சைமன் பிராட்பென்ட். நிலக்கரிச் சுரங்கங்களுக்கான வாயு முகக்கவசங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். கவசத்துக்குள் இருக்கும் கரித்துகள்களின் நுண்துளைகள் வழியாக வாயு எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பது அவருக்கு நடைமுறைச் சிக்கல். 1954இல் லண்டனில் அரச புள்ளியியல் கழகக் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிக் கேட்டார். கேள்வியின் ஆழத்தை உடனே புரிந்துகொண்டவர் கணிதவியலாளர் ஜான் ஹேமர்ஸ்லி. இருவரும் சேர்ந்து 1957இல் வெளியிட்ட கட்டுரைதான் துறையின் தொடக்கம்.

அவர்கள் கல்லை எப்படிக் கணிதமாக்கினார்கள் என்று பார்ப்போம். கட்டம் போட்ட நோட்டுத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். அது நான்கு திசையிலும் முடிவில்லாமல் நீள்கிறது. கோடுகள் சந்திக்கும் இடங்கள் புள்ளிகள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இணைக்கும் சிறு கோடு ஒவ்வொன்றும் ஒரு குழாய். ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக நாணயம் சுண்டுகிறோம். தலை விழுந்தால் குழாய் திறப்பு, பூ விழுந்தால் அடைப்பு. நாணயம் சமமானதாக இருக்க வேண்டியதில்லை. தலை விழும் நிகழ்தகவை 'ப' என்று வைத்துக்கொள்வோம். அது 0 முதல் 1 வரை எதுவாகவும் இருக்கலாம். திறந்த குழாய்களால் ஒன்றோடொன்று இணைந்த புள்ளிகளின் கூட்டத்தைக் கொத்து என்போம். இப்போது கேள்வி: முடிவில்லாமல் நீளும் ஒரு கொத்து இருக்குமா?

விடையின் முதல் ஆச்சரியம், "இருக்க எழுபது சதவீதம் வாய்ப்பு உண்டு" என்பது போன்ற பதிலே இங்கே கிடையாது என்பது. முடிவிலாக் கொத்து நிச்சயமாக இருக்கும், அல்லது நிச்சயமாக இருக்காது. நிகழ்தகவு 1 அல்லது 0. நாணயங்களின் நிச்சயமின்மை அத்தனையும் சேர்ந்து, முழுத் தளத்தின் அளவில் ஒரு நிச்சயமாக மாறிவிடுகிறது. 'ப'வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் "இல்லை" என்ற பதில் "உண்டு" என்று மாறும். அந்த இடத்துக்கு மாறுநிலை நிகழ்தகவு என்று பெயர். நீர் பனியாவதைப் போல, காந்தம் சூடேறிக் காந்தத்தன்மையை இழப்பதைப் போல, இதுவும் ஒரு நிலைமாற்றம். இயற்பியலாளர்கள் இதை விரும்பிப் படிப்பதற்குக் காரணம் அதுதான். அணுக்களோ விசைகளோ வெப்பமோ எதுவும் வேண்டாம். வெறும் நாணயங்களை வைத்தே நிலைமாற்றத்தைப் பார்த்துவிடலாம்.

சரி, அந்த இடம் எங்கே இருக்கிறது?

தோராயமாக ஒரு வரம்பைப் பிடிப்பது சுலபம். ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு, வந்த குழாயிலேயே உடனே திரும்பாமல் நடக்கும் பாதைகளை எண்ணுவோம். முதல் அடிக்கு 4 வழிகள், அப்புறம் ஒவ்வோர் அடிக்கும் அதிகபட்சம் 3. ஆக n அடி நீளப் பாதைகள் 4-ஐ 3-ஆல் n−1 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கையைத் தாண்டாது. தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாத பாதை ஒன்று முழுக்கத் திறந்திருக்க நிகழ்தகவு, 'ப'வை n முறை பெருக்கியது. 'ப' மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால், பாதைகள் பெருகும் வேகத்தைவிட அவை அடைபடும் வேகம் அதிகம். எனவே நீண்ட திறந்த பாதை கிடைக்காது. அதாவது மாறுநிலை 1/3-க்குக் கீழே இருக்க முடியாது. இதே கணக்கை அடைப்புகளுக்குப் போட்டால் 2/3-க்கு மேலேயும் இருக்க முடியாது என்று வரும்.

1/3-க்கும் 2/3-க்கும் இடையில் எங்கோ என்றால், யாரைக் கேட்டாலும் "நடுவில், 1/2" என்றுதான் சொல்வார்கள். அந்த ஊகம் சரி என்று நம்புவதற்கு ஓர் அழகான காரணமும் இருக்கிறது. துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஐந்தே குழாய்களில் அதைப் பார்த்துவிடலாம், தாளும் பேனாவும் போதும்.

இடது பக்கம் ஒரு கரை, வலது பக்கம் ஒரு கரை. நடுவில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. இடக்கரையிலிருந்து மேல்புள்ளிக்கு ஒரு குழாய், கீழ்ப்புள்ளிக்கு ஒரு குழாய். அதேபோல வலக்கரைக்கும் இரண்டு. மேல்புள்ளியையும் கீழ்ப்புள்ளியையும் நெட்டுக்குத்தாக இணைக்கும் ஐந்தாவது குழாய் ஒன்று. பள்ளி இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று படித்தவர்களுக்கு இந்த உருவம் பழக்கமானதுதான். ஒவ்வொரு குழாயும் திறப்பா அடைப்பா என்பதற்கு இரண்டு வாய்ப்புகள். ஐந்துக்கும் சேர்த்து 32 அமைப்புகள். இவற்றில் எத்தனையில் தண்ணீர் இடக்கரையிலிருந்து வலக்கரைக்குப் போகும்?

நடுக்குழாய் திறந்திருந்தால், இடப்பக்க இரண்டில் ஒன்றாவது, வலப்பக்க இரண்டில் ஒன்றாவது திறந்திருந்தால் போதும். இடப்பக்கம் 3 வழிகள், வலப்பக்கம் 3 வழிகள், ஆக 9. நடுக்குழாய் அடைபட்டிருந்தால், மேல்வழி இரண்டும் திறந்திருக்க வேண்டும் அல்லது கீழ்வழி இரண்டும் திறந்திருக்க வேண்டும். 4-உம் 4-உம் 8, இரண்டிலும் எண்ணப்பட்ட ஒன்றைக் கழித்தால் 7. மொத்தம் 9 + 7 = 16. முப்பத்திரண்டில் சரிபாதி!

இது தற்செயல் அல்ல. தண்ணீர் கடக்க முடியவில்லை என்றால் ஏதோ ஒரு தடுப்புச்சுவர் அதை மறிக்கிறது என்று பொருள். அந்தச் சுவர் அடைபட்ட குழாய்களை மட்டுமே வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கும். முதலில் மேல்குழாய்கள் இரண்டில் ஒன்றை வெட்ட வேண்டும், தேவைப்பட்டால் நடுக்குழாயை வெட்டி அடுத்த அறைக்குப் போகலாம், கடைசியில் கீழ்க்குழாய்கள் இரண்டில் ஒன்றை வெட்ட வேண்டும். இந்த வழிகளை வரைந்து பாருங்கள். சுவர் நடக்கும் வலையும் அதே ஐந்து கோட்டு உருவம்தான், தொண்ணூறு பாகை திருப்பி வைத்தது. தண்ணீருக்குத் தலை வேண்டும், சுவருக்குப் பூ வேண்டும். நாணயம் சமமானது என்றால் இரண்டு பேருக்கும் ஒரே வாய்ப்பு. தண்ணீர் கடந்தால் சுவர் இல்லை, சுவர் இருந்தால் தண்ணீர் கடக்காது; இரண்டில் ஒன்று கட்டாயம் நடக்கும். எனவே ஆளுக்குப் பாதி.

இந்த வாதத்துக்கு ஐந்து குழாய்தான் வேண்டும் என்று எதுவும் இல்லை. நீள அகலத்தைப் பொருத்தமாக எடுத்துக்கொண்டால் ஐம்பது லட்சம் குழாய்கள் உள்ள பெட்டியிலும், 'ப' 1/2 என்றால், கடக்கும் நிகழ்தகவு துல்லியமாக 1/2. பெட்டி எவ்வளவு பெரிதானாலும் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 1/2 என்பது தண்ணீருக்கும் சுவருக்கும் நடுவிலான சமநிலைப் புள்ளி என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் இது நிரூபணம் ஆகிவிடாது. 1/2-இல் இரண்டு பக்கமும் சமம் என்பது உண்மை. அதற்காக 1/2-ஐத் தாண்டிய உடனே தண்ணீர் ஜெயித்துவிடும் என்று எப்படிச் சொல்வது? 0.5 முதல் 0.53 வரை, தண்ணீரும் முடிவிலிக்குப் போகாமல், சுவரும் முடிவிலிக்குப் போகாமல், இருவரும் சிக்கிக்கொண்டு நிற்கும் ஒரு நடுப்பகுதி இருந்துவிட்டால்? அப்படி ஒன்று இல்லை என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் நெடுங்காலம் ஆனது.

முதல் பாதியை 1960இல் டெட் ஹாரிஸ் முடித்தார். 'ப' சரியாக 1/2 ஆக இருக்கும்போது முடிவிலாக் கொத்து கிடையாது என்று நிறுவினார். இன்று அதை விளக்கும் வழி இது: ஒரு புள்ளியைச் சுற்றி மேலும் மேலும் பெரிதாகும் வளையங்களை எண்ணுங்கள். 1/2-இல், ஒவ்வொரு வளையத்திலும் அடைபட்ட குழாய்களால் ஆன முழுச்சுற்றுச் சுவர் அமைய ஒரு குறைந்தபட்ச வாய்ப்பு இருக்கிறது. வளையம் பெரிதாவதால் அந்த வாய்ப்பு பூஜ்யத்தை நோக்கித் தேய்ந்துபோவதில்லை. வளையங்களோ எண்ணற்றவை. எங்கோ ஒன்றில் சுவர் எழும்பியே தீரும், தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஆக மாறுநிலை 1/2 அல்லது அதற்கு மேல்.

மறுபாதி இருபது ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. 1978இல் லூசியோ ருஸ்ஸோ ஒரு பக்கமும், பால் சீமோரும் டொமினிக் வெல்ஷும் இன்னொரு பக்கமும், சதுரப் பெட்டியைக் கடக்கும் வாய்ப்பிலிருந்து நீண்ட பெட்டியைக் கடக்கும் வாய்ப்பை மதிப்பிடும் கருவியைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு 1980இல் கதவைத் திறந்தவர் ஹாரி கெஸ்டன். சதுர வலையின் மாறுநிலை நிகழ்தகவு 1/2 என்பதையே தலைப்பாகக் கொண்டு அவர் கட்டுரை வந்தது. அப்போது அவருக்கு வயது 48.

கெஸ்டன் 1931இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933இல் குடும்பம் நெதர்லாந்துக்குப் பெயர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1956இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், மார்க் காட்ஸிடம் இரண்டே ஆண்டுகளில் முனைவர் பட்டம் பெற்றார். பிரின்ஸ்டனிலும் ஜெருசலேமிலும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1961இல் கார்னெலுக்குத் திரும்பியவர், 2002இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். 2019இல் கார்னெல் அமைந்திருக்கும் இதாக்கா நகரில் காலமானார்.

அவருடைய முனைவர் ஆய்வு கசிவைப் பற்றியதல்ல, சமவாய்ப்பு நடையைப் பற்றியது. ஒவ்வோர் அடியிலும் நாணயம் சுண்டித் திசையைத் தீர்மானிக்கும் ஒருவர், புறப்பட்ட இடத்தில் மீண்டும் நிற்க எவ்வளவு வாய்ப்பு? சதுரக் கட்டத்தில் நடந்தால் அந்த வாய்ப்பு மெதுவாகக் குறையும். கிளைக்குக் கிளை பிரிந்துகொண்டே போகும் மர வடிவ வலையில் நடந்தால் மடங்கு மடங்காகச் சரியும், ஏனென்றால் முன்னால் வழிகள் பல, திரும்பும் வழி ஒன்றே ஒன்று. இந்த வேறுபாட்டை வைத்து, நடை நிகழும் குலத்தின் (group எனப்படும் இயற்கணித அமைப்பின்) இயல்பையே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். நிகழ்தகவைக் கொண்டு இயற்கணிதத்தைப் படிக்கும் இந்த முடிவு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அப்புறம் ஃபர்ஸ்டன்பர்க்குடன் சேர்ந்து சமவாய்ப்பு அணிகளின் பெருக்கம், ஸ்டிகமுடன் சேர்ந்து கிளைக்கும் செயல்முறைகள் என்று பல தடங்களில் போனார். கசிவுக்கு வந்தபோது ஏற்கெனவே கைதேர்ந்த நிகழ்தகவியலாளர் அவர்.

அவருடைய 1980 நிரூபணத்தின் உயிர்நாடியை நம் ஐந்து குழாயிலேயே தொட்டுப் பார்க்கலாம். ஓர் அமைப்பில், குறிப்பிட்ட ஒரு குழாயை மட்டும் திறந்தாலோ மூடினாலோ விடை மாறிவிடும் என்றால், அதைத் திருப்புமுனைக் குழாய் என்போம். மேல்வழி முழுக்கத் திறந்து மற்றவை எல்லாம் அடைபட்டிருந்தால், மேல்வழியின் இரண்டு குழாய்களும் திருப்புமுனைகள். எதை மூடினாலும் தண்ணீர் நின்றுவிடும். 'ப'வைக் கொஞ்சம் கூட்டும்போது கடக்கும் நிகழ்தகவு எவ்வளவு வேகமாக ஏறும் என்பது, சராசரியாக எத்தனை திருப்புமுனைகள் இருக்கின்றன என்பதற்குச் சமம். யோசித்துப் பார்த்தால் இது இயல்பானதுதான். விடையை மாற்றக்கூடிய குழாய் எத்தனை இருக்கிறதோ அத்தனை இடத்தில் அந்தச் சிறு கூடுதல் வேலை செய்யும்.

ஐந்து குழாயில், 1/2-இல், இந்தச் சராசரி 1.625. ஆகவே 'ப'வை 0.5-இலிருந்து 0.6-க்கு ஏற்றினால் கடக்கும் நிகழ்தகவு 0.5-இலிருந்து ஏறத்தாழ 0.66 ஆகிறது. பெரிய ஏற்றம் இல்லை. கெஸ்டன் காட்டியது, பெட்டி பெரிதாக ஆக, திருப்புமுனைகளின் எண்ணிக்கை வரம்பில்லாமல் கூடுகிறது என்பது. பெட்டியைக் கடக்கும் பாதைகளிலேயே மிகத் தாழ்ந்ததை எடுத்துக்கொண்டு, அதன் மேல் படிப்படியாகச் சிறிதாகும் அளவுகளில் வளைய வாதத்தை நடத்தி, ஒவ்வோர் அளவிலும் திருப்புமுனை கிடைக்க வாய்ப்பிருப்பதை நிறுவினார். எண்ணிக்கை வரம்பில்லாமல் கூடினால் ஏற்றமும் செங்குத்தாகும். அப்போது 0.53 என்ன, 0.5001 ஆக இருந்தாலும், போதுமான அளவு பெரிய பெட்டியில் தண்ணீர் கிட்டத்தட்ட நிச்சயமாகக் கடந்துவிடும். அப்படிப்பட்ட பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்தால் முடிவிலாப் பாதை கிடைக்கிறது. சிக்கிக்கொண்டு நிற்கும் நடுப்பகுதிக்கு இடமே இல்லை. மாறுநிலை சரியாக 1/2.

ஒரு எண்ணைக் கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளாது. 1982இல் கணிதவியலாளர்களுக்கென்றே கசிவுக் கோட்பாடு குறித்து ஒரு நூல் எழுதினார். 1987இல் அதைவிட ஆழமான ஒன்றைச் செய்தார். மாறுநிலைப் புள்ளியில் நிற்கும்போது பெட்டிகளில் நடப்பதைத் தெரிந்துகொண்டால், அதற்குச் சற்று மேலேயும் கீழேயும் நடப்பதைக் கணித்துவிடலாம் என்று சமதள வலைகளுக்கு நிறுவினார். இயற்பியலாளர்கள் நம்பிக்கையோடு பயன்படுத்திவந்த உறவுகளுக்கு அங்கே நிரூபணம் கிடைத்தது. அந்தப் பாலம் அப்போது ஒரு பக்கம் மட்டும் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. மறுகரையில் மாறுநிலைப் புள்ளியின் சரியான எண்கள் யாருக்கும் கிடைத்திருக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து அவை வந்தன. ஓடட் ஷ்ரம் கண்டுபிடித்த சமவாய்ப்பு வளைகோடுகளும், முக்கோண வலைக்கு ஸ்டானிஸ்லாவ் ஸ்மிர்னோவ் 2001இல் தந்த நிரூபணமும் சேர்ந்தன. ஸ்மிர்னோவும் வெண்டெலின் வெர்னரும் அவற்றைக் கெஸ்டனின் பாலத்தில் ஏற்றி, மாறுநிலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளி முடிவிலாக் கொத்தில் சேரும் நிகழ்தகவு, மாறுநிலையிலிருந்து 'ப' விலகிய தூரத்தின் 5/36 என்ற அடுக்கின்படி எழும்புகிறது என்று காட்டினார்கள். வெர்னருக்கு 2006இலும் ஸ்மிர்னோவுக்கு 2010இலும் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. கசிவு உள்ளிட்ட நிலைமாற்றங்களை ஆராய்ந்த ஹ்யூகோ டுமினில்-கோபன் 2022இல் அதைப் பெற்றார்.

கெஸ்டனின் கடைசிக் காலப் பணிகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கசிவின் நேர் நீட்சி. கட்டத்தின் மேல் எண்ணற்ற துகள்கள் தத்தம் போக்கில் சமவாய்ப்பு நடை போடுகின்றன. ஒன்றுக்கு மட்டும் தொற்று. அது நிற்கும் இடத்துக்கு எது வந்தாலும் அதற்கும் தொற்றிக்கொள்ளும். தொற்று எவ்வளவு வேகமாகப் பரவும்? இங்கே குழாய்கள் அசையாமல் இருப்பதில்லை, ஊடகமே நகர்கிறது. விளாடாஸ் சிடோராவிசியஸுடன் சேர்ந்து, எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் நடந்தால், தொற்றிய பகுதி காலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும் என்றும், அதற்கு ஒரு நிலையான வடிவம் அமையும் என்றும் நிறுவினார். வடிவத்தைப் பற்றிய கட்டுரை 2008இல் வெளிவந்தது. அப்போது கெஸ்டனுக்கு வயது 76.

முடிக்கப்படாத பகுதி இன்னும் பெரிது. சதுர வலையில் குழாய்களுக்குப் பதிலாகப் புள்ளிகளைத் திறந்து மூடினால் மாறுநிலை ஏறத்தாழ 0.5927 என்று கணினி சொல்கிறது, துல்லியமான மதிப்பு இல்லை. சுவரின் வலையும் தண்ணீரின் வலையும் அங்கே ஒரே உருவம் அல்ல, அதனால் பாதிப் பாதி வாதம் எடுபடாது. கெஸ்டன் 1/2 என்று நிறுவிய அதே சதுர வலையில், 5/36 என்ற அடுக்குக்கு இதுவரை நிரூபணம் இல்லை. முக்கோண வலையில் மட்டுமே இருக்கிறது.

நாம் தொடங்கிய கல்லோ முப்பரிமாணமானது. முப்பரிமாணக் கட்டத்தில் குழாய்களின் மாறுநிலை ஏறத்தாழ 0.2488. ஐந்து குழாய்ப் பெட்டியைத் திருப்பி வைத்தது போல இங்கே திருப்பி வைக்க முடியாது, ஏனென்றால் தண்ணீர் போவது கோடாக, அதை மறிக்கும் சுவரோ ஒரு பரப்பாக. ஹாரிஸ் 1960இல் சமதளத்துக்குச் சொன்னது, அதாவது சரியாக மாறுநிலைப் புள்ளியில் முடிவிலாக் கொத்து இல்லை என்பது, 11-உம் அதற்கு மேலும் உள்ள பரிமாணங்களுக்கு நிறுவப்பட்டுவிட்டது. மூன்று பரிமாணத்துக்கு இன்னும் நிறுவப்படவில்லை.